லென்ஸ் எரர் என்று காட்டினால் லென்ஸ் போய்விட்டது என்று அர்த்தமில்லை

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணாச்சி, அப்பா 2009-ல் துபாயிலிருந்து வாங்கிவந்த சின்ன டிஜிட்டல் கேமரா பீரோவில் கிடந்தது. சார்ஜ் போட்டு ஆன் செய்தால் லென்ஸ் பாதி வெளியே வந்து கிர்ர் என்று சத்தம் போட்டு நின்றுவிடுகிறது. 'லென்ஸ் எரர்' என்று காட்டுகிறது. ஒரே ஒரு நாள் எப்படியோ வேலை செய்தது. அன்றைக்கு எடுத்த படங்களில் தேதி தப்பு. ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் ராத்திரி எடுத்த படங்களில் வெள்ளை வெள்ளையாக வட்டங்கள், அம்மா அது சாமி என்கிறாள். புதிதாக வாங்கிய 64 ஜி.பி. கார்டை ஏற்கவே மாட்டேன் என்கிறது. கடையில் கேட்டால் தூக்கிப் போடுங்கள் என்கிறார்கள். என்ன செய்யலாம்?"

தூக்கிப் போட வேண்டாம். கடைக்காரர் மேல் கோபமும் வேண்டாம். அவருக்கு இன்றைக்கு மொபைல் டிஸ்பிளே மாற்றுவதில்தான் வருமானம். இதற்குப் பாகம் தேடி அலைய அவருக்கு நேரமில்லை.

பாளையங்கோட்டையில் மேசை போட்டு இருபது வருஷத்துக்கு மேல் இந்த வேலையைப் பார்த்தவன் நான். என் அனுபவத்தில், கேமரா திரையில் வருகிற எழுத்து வேலை எங்கே நின்றது என்பதைச் சொல்லும். ஏன் நின்றது என்பதை அது சொல்லாது. பஸ் நடுவழியில் நின்றால் கண்டக்டர் "வண்டி போகாது, இறங்குங்க" என்பார். டீசல் தீர்ந்ததா, டயர் போயிற்றா, முன்னால் ரயில்வே கேட் போட்டிருக்கிறதா என்பது இறங்கிப் பார்த்தால்தானே தெரியும். நீங்கள் எழுதிய எல்லாப் புகாரிலும் இதுதான் கதை. அதனால் காசு ஆகாத சோதனையிலிருந்து ஆரம்பிப்போம்.

லென்ஸைத் தொடாமல் முதலில் ஒன்று செய்யுங்கள். ஆன் பட்டனை விட்டுவிட்டு, எடுத்த படத்தைப் பார்ப்பதற்கென்று முக்கோணம் போட்ட பட்டன் இருக்குமே, அதை இரண்டு மூன்று விநாடி அமுக்கிப் பிடியுங்கள். பெரும்பாலான மாடல்களில் லென்ஸ் வெளியே வராமலே கேமரா ஆன் ஆகிவிடும். பழைய படங்கள் திரையில் தெரிந்தால் போர்டு நன்றாக இருக்கிறது, திரை நன்றாக இருக்கிறது, கார்டு படிக்கிறது என்று அர்த்தம். சந்தேகம் லென்ஸிலும் பேட்டரியிலும் மட்டும் வந்து நிற்கும். முக்கோண பட்டனுக்கும் அசையவில்லை என்றால் லென்ஸைப் பற்றி இப்போது பேசவே வேண்டாம், பேட்டரியைப் பாருங்கள்.

பேட்டரியை எப்படியும் பார்க்கத்தான் வேண்டும். பதினைந்து வருஷத்துக்கு மேலான லித்தியம் பேட்டரியை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வரக்கூடாது. லென்ஸ் எரர் என்று என் மேசைக்கு வந்து, வேறு பேட்டரி போட்டதும் ஒன்றுமே நடக்காததுபோல எழுந்து உட்கார்ந்த கேமராக்கள் நிறைய. இந்தச் சின்னப் பெட்டிக்குள் மின்சாரத்தை அதிகமாக இழுக்கிற வேலைகள் இரண்டு: லென்ஸை வெளியே தள்ளுகிற மோட்டார், ஃபிளாஷுக்குச் சார்ஜ் ஏற்றுவது. கிழட்டுப் பேட்டரியை மல்டிமீட்டரில் வைத்தால் 3.9 வோல்ட், 4 வோல்ட் என்று நன்றாகவே காட்டும். சும்மா நிற்கும்போது திடகாத்திரமாகத் தெரிகிற ஆளிடம் நெல் மூட்டையைத் தூக்கச் சொன்னால் முழங்கால் மடிகிற மாதிரி, மோட்டார் சுற்ற ஆரம்பித்த நொடியில் வோல்டேஜ் பொத்தென்று விழும். லென்ஸ் பாதியில் நிற்கும். லென்ஸ் குறித்த இடத்துக்குப் போய்ச் சேரவில்லை என்பது மட்டும்தான் கேமராவுக்குத் தெரியும். எரரைப் போட்டுவிடும். நீங்கள் சொன்ன "ஒரே ஒரு நாள் வேலை செய்தது" என்பதும் பேட்டரியைத்தான் காட்டிக்கொடுக்கிறது. அன்றைக்குச் சார்ஜரிலிருந்து எடுத்த சூட்டோடு போட்டிருப்பீர்கள்.

முழுச் சார்ஜில் 4.2 வோல்ட் அளவுக்கு வர வேண்டும். 3 வோல்ட்டுக்கும் கீழே வெகுநாள் கிடந்த பேட்டரியை அதன் உள்ளிருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட்டே அடைத்து வைத்துவிடும். சார்ஜர் விளக்கு விட்டுவிட்டு மின்னும், அல்லது போட்ட உடனே பச்சை காட்டும். அப்புறம், பேட்டரியை ஒரு வழவழப்பான மேசையில் படுக்கப் போட்டுச் சுண்டிப் பாருங்கள். பம்பரம் மாதிரி சுற்றினால் வயிறு உப்பியிருக்கிறது. மொபைல் கடைப் பையன்கள் எல்லோரும் செய்கிற சோதனைதான் இது. உப்பிய பேட்டரியைச் சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள். உள்ளே மாட்டிக்கொண்டு வராமலிருந்தால் ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பாதீர்கள். பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கிற எண்ணைக் குறித்துக்கொண்டு அதே எண்ணில் புதிதாக ஒன்று வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான். மற்ற எதற்கும் காசு செலவழிப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

பேட்டரி அறையின் பித்தளை நாக்குகளையும் பாருங்கள். நம் ஊர் வேர்வைக்கும் உப்புக் காற்றுக்கும் அதில் பச்சை பூத்திருக்கும். பேட்டரி பக்கத்துத் தகடுகளைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிடுங்கள். கேமரா பக்கத்துக்குப் பஞ்சு சுற்றிய குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு போதும். மொபைல் சர்வீஸ் கடையில் ஐபிஏ என்று கேட்டால் தெரியும். மண்ணெண்ணெய், தின்னர், சென்ட் எதுவும் கிட்டே வரக்கூடாது.

பென்சில் செல் போடுகிற மாடல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற செல்லைப் போட்டுவிட்டு "ரெண்டு படம் எடுத்தா அணைஞ்சு போகுது" என்று வந்தவர்கள் கணக்கில்லை. அந்தச் செல் மாதக்கணக்கில் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கத்தான் லாயக்கு. அல்கலைன் செல் பரவாயில்லை. சார்ஜ் செய்கிற நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்தான் சரியானது. அதில் 1.2 வோல்ட் என்றுதான் போட்டிருக்கும், 1.5 இல்லையே என்று பயப்படாதீர்கள். வோல்டேஜ் குறைவாக இருந்தாலும் மோட்டார் இழுக்கும்போது தளராமல் கொடுக்கும்.

சரி, புதுப் பேட்டரி போட்டும் லென்ஸ் பாதியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது மணலைப் பற்றிப் பேச வேண்டும்.

ஒருமுறை உவரிக் கடற்கரையில் குடும்பத்தோடு படம் எடுத்துவிட்டு வந்த ஒருவர் கேமராவை நீட்டினார். "கீழயே போடல அண்ணாச்சி, சத்தியமா போடல" என்றார். காதருகே வைத்து ஆன் செய்தேன். கிர்ர்... டக். மறுபடியும் கிர்ர்... டக். கீழே விழுந்த லென்ஸ் இப்படிப் பேசாது. அது ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும், ஒரே சீராக முக்கும். இது ஓடி வந்து ஏதோ ஒன்றில் முட்டுகிற சத்தம். மேசையில் வெள்ளைத் தாளை விரித்து, லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து, குழாய்களின் இடுக்கைச் சுற்றிச் சுற்றி, கையால் அமுக்கிக் காற்றடிக்கிற ரப்பர் புளோயரால் ஊதினேன். பத்துப் பன்னிரண்டு தடவை ஊதிய பிறகு தாளில் ஒரு மணல் விழுந்தது. கடுகில் பத்தில் ஒரு பங்குகூட இராது. பூதக்கண்ணாடியில் வெளிர்ச் சிவப்பாகக் கண்ணாடிச் சில்லு மாதிரி மினுங்கியது. அதற்கப்புறம் லென்ஸ் வெண்ணெயாக வெளியே வந்தது.

அந்தச் சிவப்பு மணல் கார்னெட். திருநெல்வேலி, தூத்துக்குடிக் கடற்கரையில் இல்மனைட் என்கிற கறுப்புத் தாதுவோடு சேர்ந்து கிடக்கிற தாது மணல். உப்புத்தாள் செய்வதற்குப் பயன்படுகிற பொருள் அது. அவ்வளவு கடினமான ஒன்றைக் கேமராவுக்குள் விட்டுவிட்டு வேட்டி முனையாலோ முந்தானையாலோ லென்ஸைத் துடைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். கடற்கரைக்குப் போகாதவர்களுக்கும் இது உண்டு. திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணல் ஆடிக் காற்றில் பறக்கும்போது மூடிய பைக்குள்ளேயே புகுந்துவிடும்.

உள்ளே நடப்பது இதுதான். லென்ஸ் என்பது ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற இரண்டு மூன்று குழாய்கள். குழாயின் உள்சுவரில் சுருள் படிக்கட்டு மாதிரி சாய்வான பள்ளங்கள். மூக்குத்தித் திருகு அளவிலான பிளாஸ்டிக் முளைகள் அந்தப் பள்ளத்தில் வழுக்கிக்கொண்டு ஏறும். சுற்றுவதற்குச் சுண்டுவிரல் நுனியளவு மோட்டாரும் பிளாஸ்டிக் கியர்களும். பள்ளத்தில் ஒரு மணல் கிடந்தால் முளை ஏறாது. கையால் பிடித்து இழுத்தால் மணலுக்குப் பதில் முளைதான் ஒடியும்.

ஊதுவதற்குப் புளோயர் மட்டும். வாயால் ஊதினால் எச்சில் போகும். பஞ்சர் கடைக் கம்ப்ரஸரில் காற்றடிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அடிக்கலாம், வெளியே இருக்கிற மணலும் உள்ளே போய்விடும், கூடவே தண்ணீரும் ஆயிலும் போகும். புளோயருக்கு அசையாத மணலுக்கு, மெல்லிய தாளைக் குறுகலாகக் கத்தரித்துக் குழாய் இடுக்கில் விட்டு ஒரு சுற்று ஓட்டுங்கள், பிறகு மறுபடி ஊதுங்கள். அடுத்து, லென்ஸைத் தரையைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு ஆன் செய்து, கேமராவின் பக்கவாட்டை உள்ளங்கையில் பைய ஒரு தட்டு. லென்ஸின் எடையும் மோட்டாரும் ஒரே திசையில் வேலை செய்யும். நாலைந்து முறைக்கு மேல் முயற்சி வேண்டாம், கியர் பல் தேய்ந்துவிடும்.

லென்ஸ் நேராக இல்லாமல் கோணலாக நின்றால் கதை வேறு. கீழே விழுந்ததில் முளை பள்ளத்தை விட்டு வெளியே வந்திருக்கிறது. தூக்கலாக நிற்கிற பக்கத்தைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினால் சில சமயம் 'டிக்' என்று உட்காரும். சில சமயம் உடையும். அதனால் வேறு வழியே இல்லை, இனிமேல் போனால் போகட்டும் என்கிற நிலையில் மட்டும் இதைச் செய்யுங்கள். கேனன் பழைய மாடல்களில் ஈ18 என்று ஓர் எண் வரும். அதுவும் இதே லென்ஸ் சங்கதிதான், தனி நோய் இல்லை.

லென்ஸின் முன்னால் இமை மாதிரி திறந்து மூடுகிற தகடுகள் பாதியில் ஒட்டிக்கொண்டால் காய்ந்த மெல்லிய பிரஷ் போதும். எண்ணெய் விடாதீர்கள். தையல் மிஷின் எண்ணெயை ஒரு சொட்டு விட்டுக் கொண்டுவந்த கேமராவைப் பார்த்திருக்கிறேன். முதல் நாள் இமை நன்றாகத் திறந்ததாம். ஒரு வாரத்தில் எண்ணெய் உள்ளே ஊறி, ஷட்டர் தகட்டையும் பின்கண்ணாடியையும் பிடித்துவிட்டது. எல்லாப் படமும் மார்கழிப் பனியில் எடுத்த மாதிரி. அதற்கு என்னிடம் வைத்தியம் இல்லை.

இந்த இடத்தில் யூடியூபில் பார்த்துக் கேமராவைத் திறக்கலாம் என்று தோன்றும். திறக்காதீர்கள். ஃபிளாஷுக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு கெப்பாசிட்டர் படுத்திருக்கும். 300 வோல்ட் வரை பிடித்து வைத்திருக்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் வெகுநேரம் விடாது. தொழில் கற்றுக்கொண்ட காலத்தில் நான் தெரியாமல் அதன் இரண்டு காலையும் ஸ்க்ரூடிரைவரால் சேர்த்துத் தொட்டேன். பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். முனையில் உருகிய பள்ளத்தோடு அந்த ஸ்க்ரூடிரைவர் இன்னும் என் டப்பாவில் கிடக்கிறது. கையில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

கார்டுக்கு வருவோம். உங்கள் 64 ஜி.பி. கார்டில் குறை இல்லை, கேமராவிலும் இல்லை. எஸ்.டி. கார்டுகள் மூன்று தலைமுறை. முதலாவது 2 ஜி.பி. வரை. 2006-ல் வந்த எஸ்.டி.எச்.சி. 32 ஜி.பி. வரை. அதற்கு மேல் போவது 2009-ல் அறிவித்த எஸ்.டி.எக்ஸ்.சி. மூன்றும் பார்வைக்கு ஒரே அச்சு. ஆனால் பழைய கேமராவுக்குப் புதுத் தலைமுறையின் பாஷை தெரியாது. 2009-ல் வாங்கிய கேமராவுக்கு 64 புரியாமல் போவதில் ஆச்சரியமில்லை. 8 அல்லது 16 ஜி.பி. எஸ்.டி.எச்.சி. கார்டு போடுங்கள். அதற்கும் சில வருஷம் முந்திய கேமரா என்றால் 2 ஜி.பி. கார்டுதான் தேட வேண்டும். இன்றைக்கு 2 ஜி.பி. கார்டு கிடைப்பது குதிரைக்கொம்பு. எங்கள் வீட்டு மேசை அறையிலேயே நாலு கிடக்கிறது, உங்கள் வீட்டிலும் கிடக்கும், தேடிப் பாருங்கள்.

கார்டை ஏற்கிறது, படம் மட்டும் எடுக்க மாட்டேன் என்கிறது என்றால் கார்டின் இடது ஓரத்தில் இருக்கிற சின்னப் பூட்டு கீழே இறங்கியிருக்கும். மேலே தள்ளுங்கள். இதற்காகவே பஸ் ஏறி ஆலங்குளத்திலிருந்து வந்தவரிடம் காசு வாங்க எனக்கு மனசு வரவில்லை, காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

கேமரா "ஃபார்மேட் செய்யவா" என்று கேட்டால் சட்டென்று ஆம் சொல்லிவிடாதீர்கள். உள்ளே வேண்டிய படம் இருந்தால் கார்டை வெளியே எடுத்து, அதில் வேறெதையும் எழுதாமல், கம்ப்யூட்டரில் ஃபோட்டோரெக் என்கிற இலவச மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். கேமரா ஃபார்மேட் செய்யும்போது பெரும்பாலும் அட்டவணையைத்தான் அழிக்கிறது, படத்தை அல்ல. மேலே புதிய படம் விழாதவரை மீட்க வாய்ப்பு உண்டு. மீட்ட படங்களை வேறு டிரைவில் சேமியுங்கள். இன்னொன்று, கம்ப்யூட்டரில் படத்துக்குப் பெயர் மாற்றி அதே கார்டில் திருப்பிப் போட்டால் பல கேமராக்கள் அதைக் காட்டாது. படம் போகவில்லை, அதற்குத் தெரிந்த பெயரில் இல்லை, அவ்வளவுதான்.

தேதிக் கோளாறு ரொம்பச் சின்ன விஷயம். கேமராவுக்குள் கடிகாரத்துக்கென்று தனியாக ஒரு குட்டிப் பேட்டரி உண்டு. சில மாடல்களில் அது மாற்றக்கூடிய பொத்தான் செல். பேட்டரி அறைக்குள் அல்லது பக்கவாட்டில் சின்னத் தட்டில் இருக்கும். மற்றவற்றில் உள்ளேயே பற்ற வைத்திருப்பார்கள், பெரிய பேட்டரியிலிருந்து அது தானாகச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். நீங்கள் புதுப் பேட்டரியை முழுச் சார்ஜோடு போட்டு ஒரு நாள் கழற்றாமல் வையுங்கள், பிறகு தேதி வையுங்கள். அதற்குப் பிறகும் பேட்டரியை மாற்றும்போதெல்லாம் தேதி ஓடிப்போனால் குட்டிப் பேட்டரியின் ஆயுள் முடிந்தது. படம் எடுப்பதற்கு முன்னால் தேதி வைத்துக்கொள்ளப் பழகிவிடுங்கள், அதற்காகக் கேமராவைப் பிரிப்பது வீண். நெல்லையப்பர் ஆனித் தேரை எடுத்துவிட்டு மூலையில் ஜனவரி 1 என்று ஆரஞ்சு எழுத்து விழுந்த படங்கள் எங்கள் ஊரில் எத்தனையோ வீட்டு ஆல்பத்தில் இருக்கின்றன.

கொடைப் படங்களில் வட்டங்கள். இதைத்தான் நீங்கள் கொஞ்சம் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், "அம்மா அது சாமி என்கிறாள்" என்று எழுதியிருந்தீர்களே. அம்மாவின் நம்பிக்கையில் நான் கை வைக்கவில்லை. கேமரா என்ன செய்தது என்பதை மட்டும் சொல்கிறேன். கொடை ராத்திரியில் சாமியாடி ஆடுகிற தரை புழுதி. சாம்பிராணிப் புகை. சாம்பல். காற்றில் தூசி நிறைந்து கிடக்கும். இந்தச் சின்னக் கேமராவில் ஃபிளாஷ், லென்ஸுக்கு இரண்டு மூன்று விரற்கடை தூரத்தில் இருக்கிறது. அது வெட்டும்போது லென்ஸுக்கு மிக அருகில் மிதக்கிற தூசித் துகள்மேல் பட்டு வெளிச்சம் நேராக லென்ஸுக்கே திரும்பி வருகிறது. அவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் இருக்காது, அதனால் புள்ளி விரிந்து வட்டமாகிறது. தனியாக மேலே மாட்டுகிற பெரிய ஃபிளாஷில் இது குறைவு, ஏனென்றால் அந்த வெளிச்சம் லென்ஸின் முகத்துக்கு நேர் முன்னால் இருக்கிற காற்றில் அவ்வளவாக விழாது. குற்றாலத்தில் சாரல் நேரத்தில் ஃபிளாஷ் போட்டாலும் இதே வட்டம்தான், அங்கே தண்ணீர்த் துளி. நிச்சயப்படுத்திக்கொள்ள, ராத்திரி மொட்டை மாடியில் ஒரு பழைய கம்பளியை உதறிவிட்டு ஃபிளாஷ் போட்டு எடுத்துப் பாருங்கள்.

கொடைக்கு ஃபிளாஷை அணைத்துவிட்டு, குழல்விளக்கு வெளிச்சத்தில், மெனுவில் வெளிச்சத்தை உணரும் அளவான ஐ.எஸ்.ஓ.வை 400-க்கு ஏற்றி, பந்தல் காலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு எடுங்கள். அந்த ஃபிளாஷுக்கு மூன்று நான்கு மீட்டருக்கு மேல் எட்டவும் எட்டாது. தேருக்கு முன்னால் நின்று ஃபிளாஷ் போட்டால் முன்வரிசை ஆட்களின் பின்மண்டைதான் பளிச்சென்று விழும்.

படம் தெளிவில்லை என்ற புகாருக்குப் பாதி நேரம் காரணம் கை. பட்டனைப் பாதி அமுக்கி, கட்டம் பச்சையான பிறகு மீதியை அமுக்க வேண்டும். மீதிப் பாதி நேரம் காரணம் லென்ஸ் மேல் பிசுக்கு. அல்வா தின்ற கையோடு லென்ஸைத் தொட்டால் நெய் போகாது. முதலில் ஊதி மணலை நீக்கி, பிறகு வாய் ஆவி காட்டி, கண்ணாடிக் கடைத் துணியால் நடுவிலிருந்து வெளியே வட்டமாகத் துடையுங்கள். கூந்தன்குளத்தில் பறவையை எடுக்கும்போது எல்லாம் கலங்கித் தெரிகிறது என்றால் மெனுவில் டிஜிட்டல் ஜூமை அணையுங்கள். அது இருக்கிற படத்தை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டுகிற வேலைதான்.

ஈரம்தான் நம் பக்கத்தில் கேமராவை மெதுவாகக் கொல்கிறது. ஏ.சி. அறையிலிருந்தோ காரிலிருந்தோ இறங்கி உடனே திருச்செந்தூர்க் கடற்கரையில் எடுத்தால் லென்ஸ் வேர்த்துவிடும். துடைக்காதீர்கள், உள்ளேயும் வேர்த்திருக்கும். பிளாஸ்டிக் பையில் வாய் கட்டி வைத்திருந்து, அரை மணி நேரம் வெளிச் சூட்டுக்குப் பழகிய பிறகு எடுங்கள். தோல் உறையில் போட்டுப் பீரோவில் வைப்பதுதான் நாம் எல்லோரும் செய்கிற தப்பு. தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். டார்ச்சை லென்ஸின் ஓரத்தில் சாய்த்து அடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை மாதிரி நரம்பு நரம்பாகத் தெரிந்தால் பூஞ்சை. ஓரத்தில் கொஞ்சம் இருந்தால் படத்தில் தெரியாது, கண்டுகொள்ளாமல் விடுங்கள். இனி மேல் பரவாமலிருக்க, இறுக்கமாக மூடுகிற பிளாஸ்டிக் டப்பாவில், ஈரத்தை உறிஞ்சுகிற நீல மணிகளான சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீல மணி ரோஸ் நிறமானால் ஈரம் நிரம்பிவிட்டது. சின்னத் தீயில் வறுத்தால் மறுபடி நீலமாகும். சமையலுக்கு எடுக்காத பழைய சட்டியில் வறுங்கள், அந்த நீலம் வயிற்றுக்கு ஆகாது.

2023 டிசம்பர் 17, 18 மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை புரண்டு நெல்லை ஜங்ஷன் பக்கம் வீட்டுக்குள் வந்தது. அதற்கடுத்த வாரம் என்னிடம் வந்த கேமராக்களில் ஒரு வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது: "வேலை செய்யுதான்னு ஒரு தடவை ஆன் பண்ணிப் பாத்தேன்" என்று சொன்னவர்களின் கேமரா ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. நனைந்தால் முதல் வேலை பேட்டரியையும் கார்டையும் உருவுவது. எல்லா மூடியையும் திறந்து வைத்து, சிலிக்கா ஜெல் டப்பாவில் நாலு நாள். வெயிலில் வைக்காதீர்கள், ஹேர் டிரையர் அடிக்காதீர்கள். அரிசிக்குள் புதைக்கிற வைத்தியம் பிரபலம், எனக்கு அதில் நம்பிக்கையில்லை. அரிசி ஈரத்தை இழுப்பது கொஞ்சம், தவிட்டுத் தூள் உள்ளே போவது நிறைய. கடல் தண்ணீரில் விழுந்ததென்றால் மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, பழைய கேமரா தேடி வாங்குகிற பிள்ளைகளுக்காக. எடுக்கிற எல்லாப் படமும் ஊதாவும் ரோஸுமாக அலையலையாக விழுந்தாலோ, திரை முழுக்கக் கறுப்பாக இருந்து பழைய படங்கள் மட்டும் தெரிந்தாலோ, லென்ஸ் வழி வருகிற வெளிச்சத்தைப் படமாக்குகிற சில்லான சென்சார் போய்விட்டது. 2002 முதல் 2004 வரை தயாரான பல நிறுவனக் கேமராக்களில் இருந்த சி.சி.டி. என்கிற வகைச் சென்சார்களில் இந்தக் குறை இருப்பதாக, அவற்றைச் செய்த சோனியே 2005 அக்டோபரில் அறிவித்தது. சூடும் ஈரமும் சேர்ந்தால் உள்ளே கம்பி இணைப்பு விட்டுப்போகும். சூட்டுக்கும் ஈரத்துக்கும் நம் ஊரில் பஞ்சமா? அந்த வயதுக் கேமராவைக் காசு கொடுத்து வாங்கும் முன் வெளிச்சத்தில் நாலு படம் எடுத்துப் பாருங்கள். விளக்கையோ ஆற்றில் பளபளக்கும் வெயிலையோ எடுக்கும்போது மட்டும் செங்குத்தாக ஓர் ஊதாக் கோடு விழுந்தால் அது குறை இல்லை, சி.சி.டி.யின் இயல்பு.

ஆகவே தம்பி, பேட்டரி வாங்குங்கள், ஊதுங்கள், 16 ஜி.பி. கார்டு போடுங்கள். இவ்வளவுக்கும் லென்ஸ் அசையவில்லை என்றால் லென்ஸ் யூனிட்டே மாற்ற வேண்டும். அதே மாடலில் வேறு காரணத்தால் செத்த கேமரா ஒன்று கிடைத்தால் அதிலிருந்து எடுத்துப் போடலாம், இல்லையென்றால் செலவு கேமராவின் விலையைத் தாண்டிவிடும்.

அந்த முடிவுக்கு வருவதற்கு முன்னால், கார்டை வெளியே எடுத்துவிட்டு முக்கோண பட்டனை அமுக்குங்கள். இந்தக் கேமராக்களில் பலவற்றுக்கு உள்ளேயே கொஞ்சம் நினைவகம் உண்டு, கார்டு இல்லாமல் எடுத்தால் பத்திருபது படம் அதில் போய் உட்காரும். வாங்கிய முதல் நாள், கார்டு போடத் தெரியாமல் எல்லோரும் அப்படித்தான் எடுத்திருப்பார்கள். உங்கள் அப்பா துபாய் அறையில் வைத்து எடுத்த முதல் படங்கள் அங்கே இருக்கலாம். யூ.எஸ்.பி. கேபிளைச் சொருகி அவற்றை எடுத்துக்கொண்டு, அப்புறம் என்னிடம் சொல்லுங்கள்.